லிங்க் ஆகாத தம்பி

சாவகச்சேரியில் கண்டி வீதியை விட்டு எந்த ஒழுங்கைக்குள் இறங்கினாலும் இப்போது இவரைக் காணலாம். சாரம், கழுத்தில் ஹெட்போன், மடியில் லப்டொப். சம்பளம் வெளிநாட்டிலிருந்து வரும், தேத்தண்ணி குசினியிலிருந்து வரும். ஊர் படுத்த பிறகுதான் வேலை தொடங்குகிறது என்பதால், அயலட்டையில் பாதிப்பேர் இவருக்கு வேலையே இல்லை என்று முடிவுகட்டிவிட்டார்கள்.

தம்பியின் தொழில் இதுதான். யாரோ எழுதிவைத்த சி லைப்ரரி ஒன்றை, தன் இன்டெல் லப்டொப்பில் இருந்தபடியே, ஆர்ம் சில்லில் ஓடத்தக்கதாகக் கட்டிக் கொடுக்க வேண்டும். ஆர்ம் ஏதோ எட்டாத சரக்கு அல்ல. 1985இல் கேம்பிரிட்ஜில் பிறந்த அந்தச் சில்லின் வம்சம்தான் இன்று சந்தையில் பலாப்பழம் விற்கிற ஆச்சியின் கைபோனுக்குள்ளும் இருக்கிறது. ஒவ்வொரு கோப்பையும் தனித்தனியே கொம்பைல் பண்ணுவதில் தம்பிக்கு ஒரு கஷ்டமும் இல்லை. அந்தத் துண்டுகளையெல்லாம் ஒன்றாகப் பொருத்துகிற லிங்கரிடம்தான் ஏழரைச் சனியன் குடியிருக்கிறது.

"இனி லிங்க் மட்டும்தான் அம்மா, பத்து நிமிசத்தில சாப்பிட வாறன்" என்பார். அம்மா புட்டை மூடிவைத்துவிட்டுப் படுக்கப் போய்விடுவார். அந்த 'மட்டும்தான்' எத்தனை நாள் என்று அவருக்குத் தெரியும்.

திரையில் இருநூறு வரி கொட்டும். தம்பி வாசிப்பது கடைசி வரியை. 'எல்டி 1 என்ற குறியோடு திரும்பியது' என்று அதில் இருக்கும். அதாவது, லிங்கர் தோற்றுவிட்டது. ஏன் தோற்றது என்பது மேலே முதல் வரிகளில் கிடக்கும். அங்கே ஏறிப் பார்ப்பது தம்பிக்கு மரியாதைக் குறைவு. கடைசி வரியைப் படம்பிடித்து ஸ்காபரோவில் இருக்கிற கூட்டாளிக்கு அனுப்பிவிட்டு, "விளங்குதோ மச்சான்?" என்று கேட்பார்.

ஒருநாள் இசெட்லிப் வந்து மாட்டியது. சுருக்கி விரிக்கிற சின்ன லைப்ரரி, 1995இலிருந்து உலகத்தில் எல்லா இடத்திலும் கிடக்கிற ஒன்று. லிங்கர் சொன்னதைத் தமிழில் போட்டால்: 'இசெட்லிப்பைக் கண்டேன், பொருந்தாது, தாண்டிப் போகிறேன்.' அடுத்த வரி: 'இசெட்லிப்பைக் காணவில்லை.' கண்டது இன்டெலுக்கான பிரதி, தேவை ஆர்முக்கானது. ஆர்முக்கான கோப்புகள் கிடக்கிற இடத்தை, அதாவது சிஸ்ரூட்டை, சொல்லிக் கொடுக்காததால் லிங்கர் லப்டொப்பின் சொந்த அறைக்குள் போய்த் தேடியிருக்கிறது. தம்பியோ முற்றத்தில் நின்று போனில் கத்தினார்: "எல்லாம் சரி மச்சான், இசெட் மட்டும்தான் காணேல்லை!"

வேலிக்கு அந்தப் பக்கம் முருங்கையிலை ஆய்ந்துகொண்டிருந்த பெரியம்மாவுக்கு அது கேட்டது. பல்கலைக்கழக அனுமதியை இசெட் புள்ளி தீர்மானிக்கிற நாடு இது. பின்னேரமே வந்து அம்மாவின் கையைப் பிடித்தார். "பெடியன் இப்பவும் இசெட் காணேல்லை எண்டு குழறுறான், தங்கச்சி. ஏ.எல். எடுத்து எத்தினை வருசம்! அதை மறக்கச் சொல்லு."

இசெட் கிடைத்தால் அடுத்தது வரிசைப் பிரச்சினை. ஸ்டாட்டிக் லைப்ரரியைப் பொறுத்தவரை லிங்கர், மோட்டார் சைக்கிளில் கோண் அடித்துக்கொண்டு போகிற மீன்காரர் மாதிரி. தன் முறை வரும்போது யாராவது கேட்டிருந்தால் கொடுக்கும். கேட்கவில்லையென்றால் போய்விடும், பிறகு படலையில் நின்று கூப்பிட்டாலும் திரும்பாது. ஆகவே கேட்கிற கோப்பு முன்னுக்கும் கொடுக்கிற லைப்ரரி பின்னுக்கும் நிற்க வேண்டும். தம்பி மாற்றித்தான் போடுவார். போட்டுவிட்டு, "லைப்ரரி இருக்கு, இல்லையெண்டு பொய் சொல்லுது" என்று லிங்கரோடு கோபிப்பார்.

தமிழ் எழுத்து காட்டுகிற வேலை வந்தாலோ கேட்கவே வேண்டாம். எழுத்தை வரைவது ஃப்ரீடைப். கொம்பையும் காலையும் உரிய இடத்தில் நிறுத்துவது ஹார்ஃப்பஸ். அது இல்லாவிட்டால் 'கொடிகாமம்' என்ற பெயர்ப்பலகையில் கொம்பு 'க'வுக்குப் பின்னால் போய் நிற்கும். ஃப்ரீடைப் ஹார்ஃப்பஸ்ஸைக் கேட்கும், ஹார்ஃப்பஸ் ஃப்ரீடைப்பைக் கேட்கும், எதை முன்னுக்கு வைத்தாலும் மற்றது குறைசொல்லும். முதலில் ஹார்ஃப்பஸ் இல்லாத ஃப்ரீடைப், அதை வைத்து ஹார்ஃப்பஸ், பிறகு ஹார்ஃப்பஸ்ஸோடு திரும்பவும் ஃப்ரீடைப் என்று கட்டுவதே பழைய வழி. இரண்டையும் ஒரு குழுவாகக் கட்டிக்கொடுத்தால் லிங்கர் திருப்தியாகும்வரை சுற்றிச்சுற்றித் தேடும். இந்த ஒரு விடயத்தில் தம்பி உண்மையிலேயே கெட்டிக்காரர், சொல்லத்தான் வேண்டும்.

ஆனால் அவரைக் கவிழ்த்தது பெரிய சங்கதி ஒன்றும் இல்லை. ஒரு விடியப்புறம் திரையில் 'ஈஎம்: 62' என்று வந்தது. அறுபத்திரண்டு பிழை என்று நினைத்து, ஒவ்வொன்றாகத் திருத்த ஆயத்தமானார். அது பிழைக் கணக்கு அல்ல, சில்லின் இலக்கம். 62 என்றால் 64 பிட் இன்டெல் வகை. 64 பிட் ஆர்முக்கு 183. முந்தாநாள் லப்டொப்புக்கென்று கொம்பைல் பண்ணிய துண்டுகள் அதே ஃபோல்டரில் கிடந்தன. எதைத் திரும்பக் கொம்பைல் பண்ணுவது என்று பார்க்கிற கருவிக்கு மேக் என்று பெயர். மூலக்கோப்பைவிடத் துண்டு புதிதாக இருந்தால் மேக் அதைத் திரும்பத் தொடாது. பழைய துண்டுகளையே தூக்கி ஆர்ம் லிங்கரிடம் கொடுத்துவிட்டது.

ஸ்காபரோக் கூட்டாளி முதல்நாளே கேட்டிருந்தார்: "கிளீன் பண்ணினியோ?" தம்பி அதற்குப் பதில் போடாமல் இரண்டு நாள் கோபித்துக்கொண்டிருந்தார். பிறகு யாரும் பார்க்காத நேரத்தில், பழைய துண்டுகளை அழிக்கிற மேக் கிளீனைப் போட்டு, திரும்பக் கட்டினார். ஆறு நிமிசத்தில் லிங்க் ஆனது. காரணம் கேட்டவர்களுக்கு, "டூல்செயினில ஒரு சிக்கல், கண்டுபிடிச்சிட்டன்" என்றார்.

உங்கள் ஒழுங்கையிலும் இப்படி ஒரு தம்பி இருந்தால் தயவுசெய்து "முடிஞ்சுதோ?" என்று கேட்காதீர்கள். "மேக் கிளீன் போட்டனீரோ?" என்று மட்டும் கேட்டுவிட்டு, அவர் நிமிர்ந்து பார்க்கும் முன் படலையைச் சாத்திக்கொண்டு போய்விடுங்கள்.