மெதுவோட்டிக் கண்டன மறுப்பு

வீதியில் மெதுவாக வாகனம் ஓட்டிப் பின்னால் வருபவரை மறிப்பவருக்குத் தண்டம் விதிக்கலாமா என்ற வினா, யாழ்ப்பாணத்துக் கொழும்புத்துறைச் சந்திகளில் நெடுங்காலமாக அடிபட்டும் இன்னும் முறைப்படி நிறுவப்படாமல் கிடக்கிறது. வேலி வழக்கையும் கோயில் வழக்கையும் மேல்நீதிமன்றம் வரை இழுத்துப் போகத் தயங்காத சமூகம், இதை மட்டும் இரண்டு ஹோர்ண் சத்தத்தோடு விட்டுவிட்டது வியப்பே. அக்குறையைத் தீர்க்க, முன்னோர் வகுத்த காண்டல், கருதல், உரை என்னும் அளவைகளின் வழியே இச்சிறு நூல் நடக்கும்.

முதலில் இலக்கணம். மெதுவோட்டி யார்? ‘விதித்த வேகத்துக்குக் குறைய ஓட்டுபவன்’ என்றால், குடிமனைப் பகுதியில் காருக்கு 50, ஓட்டோவுக்கு 40 கிலோமீற்றர் எல்லை இருக்க, பாசையூர் மீன் சந்தை கலையும் காலைநேரத்தில் வீதியில் உள்ள அத்தனை பேரும் அதற்குள் விழுவர். இது மிகைபடத் தழுவும் அதிவியாத்திக் குற்றம். கலிபோர்னியாச் சட்டம் வேறு வழி சொல்கிறது: முந்த முடியாத இருவழி வீதியில் பின்னால் ஐந்து வாகனம் சேர்ந்தால், முன்னால் போகிறவர் ஒதுங்கி விட வேண்டும். நம்மூரிலோ மத்தியான வெய்யிலில் பின்னால் வருவது ஒரேயொரு மோட்டார் சைக்கிள். ஆனால் அதை ஓட்டும் பெடியனின் கோபம் ஐந்து பேருக்குக் காணும். அவனைக் கணக்கில் எடாதது குறைபடத் தழுவும் அவ்வியாத்திக் குற்றம். ஒதுங்குவதென்றாலும் ஒரு பக்கம் மதில், மறுபக்கம் வாய்க்கால்.

ஜேர்மனியின் விதி, தக்க காரணமில்லாமல் போக்குவரத்தை மறிக்கும் அளவுக்கு மெதுவாக ஓட்டக்கூடாது என்கிறது. அங்கிருந்து லீவில் வரும் உறவினர் மதகடியில் நின்று இதைப் பெருமையோடு எடுத்துச் சொல்வதுண்டு. இங்கே காரணமில்லாமல் மெதுவாகப் போகிறவர் யார்? ஒருவருக்கு முழங்கால் வாதம். ஒருவர் செத்தவீட்டுக்கு வெள்ளைக்கொடி கட்டியிருக்கிறதா என்று ஒழுங்கை ஒழுங்கையாகப் பார்க்கிறார். இன்னொருவர் புதிதாக எழும்பும் மாடிவீட்டின் மதிப்பைப் போகிறபோக்கில் கணிக்கிறார். குற்றவாளி ஒருவரும் அகப்படாத இந்த இலக்கணம் அசம்பவம் என்னும் மூன்றாம் குற்றத்துக்கு உள்ளாகும்.

இனிக் காண்டல். ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட மாதிரி, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவரும் அவருடைய மொரிஸ் மைனரும். இரண்டாம் கியருக்கு மேல் அந்த வண்டி போய்க் கண்டவர் இல்லை. வலது முழங்கை கண்ணாடிக்கு வெளியே. உள்ளங்கை நிலம் பார்த்தபடி மேலும் கீழும் அசையும். அது ‘முந்திப் போ’ என்பதா, ‘பொறு’ என்பதா என்று உரையாசிரியர்கள் வேறுபடுவர். கியர் நெம்புகோலின் குமிழ் போன இடத்தில் துணி சுற்றியிருக்கும். அவருடைய வேகத்துக்கு முதுமை காரணம் என்பது மேலோட்டமான கருத்து. 1990-களில் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் தடைப்பட்டிருந்தபோது, சின்னப் போத்தலில் பொத்தி வைத்த பெற்றோலில் சில துளியைக் கார்புரேற்றருக்குள் விட்டு எஞ்சினை எழுப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். நின்றால் திரும்ப எழுப்பப் பெற்றோல் செலவு. அமத்தினால் புகைந்து இருமும். நிற்கவும் கூடாது, அமத்தவும் கூடாது என்று அந்தக் காலத்தில் பழகிய கால் அது. தடை போய்விட்டது, கால் அதை ஒப்புக்கொள்ளவில்லை.

அடுத்த மாதிரி பாண் ஓட்டோ. பெத்தோவன் 1810 அளவில் எழுதிய ‘ஃபூர் எலிஸ்’ என்னும் மெட்டை ஒலிபரப்பிக்கொண்டு சைக்கிளிலும் மெல்லப் போகும் இவ்வண்டியைத் தண்டிப்பதானால், படலையடியில் காசோடு நிற்கும் மாமிமாரையும் உடந்தைக் குற்றத்தில் சேர்க்க வேண்டிவரும். அதற்குத் துணிந்த பொலிஸ் அதிகாரி இனித்தான் பிறக்க வேண்டும்.

கருதல் அளவைக்குக் கணக்கு வேண்டும். கொழும்புத்துறையிலிருந்து யாழ் பஸ் நிலையம் நான்கு கிலோமீற்றர் என்று வைத்துக்கொள்வோம். நாற்பதில் போனால் ஆறு நிமிடம். மாஸ்ரருக்குப் பின்னால் இருபதில் போனால் பன்னிரண்டு. நட்டம் ஆறு நிமிடம். அந்த ஆறு நிமிடத்தை இழந்தவர் ரவுணுக்குப் போய்ச் சேர்ந்ததும் செய்யும் முதல் வேலை, தேத்தண்ணிக் கடையில் இருந்து தான் மறிபட்ட கதையை அரைமணி நேரம் சொல்வது. ஆகவே நட்டஈடு கோருபவர் முதலில் இருபத்துநான்கு நிமிடத்துக்குக் கணக்குக் காட்டுவாராக.

எதிர்வாதி விடமாட்டார். ‘நெரிசலுக்கு மூலம் மெதுவோட்டிதானே?’ என்பார். 2008-இல் ஜப்பானியரான யூக்கி சுகியாமா குழுவினர் ஒரு பரிசோதனையை வெளியிட்டனர். 230 மீற்றர் வட்டப் பாதையில் 22 கார்களை விட்டு, ஒரே சீராக ஓட்டச் சொன்னார்கள். சந்தியில்லை, மாடில்லை, பாண் வண்டியில்லை. சற்று நேரத்தில் தானாகவே நெரிசல் பிறந்து பின்னோக்கி நகரத் தொடங்கியது. கவனிக்க, அந்த வட்டத்துக்குள் மொரிஸ் மைனர் ஒன்றும் இருக்கவில்லை.

உரை அளவையில் எதிர்வாதியின் பெரிய ஆயுதம் சொலமன். அமெரிக்கரான டேவிட் சொலமன் 1964-இல் வெளியிட்ட அறிக்கை, சராசரி வேகத்தை விட மிகக் கூடவோ மிகக் குறையவோ ஓட்டுபவர்களே அதிகம் விபத்தில் மாட்டுகிறார்கள் என்றது. கனமான வாதந்தான். ஆனால் பின்வந்த ஆய்வாளர், அந்த மெதுவோட்டிகளிற் பலர் திரும்புவதற்காக வேகம் குறைத்தவர்கள் என்று கண்டு, அவர்களைக் கழித்தபோது மெதுவின் பழி பெரிதும் குறைந்தது. சித்தரான யோகர் சுவாமிகள் இவ்வூரில் சமாதியடைந்ததும் அதே 1964-இல்தான். கொழும்பிலிருந்து கார் பிடித்து ஓடி வந்தவர்களெல்லாம், எதற்கும் அந்தரப்படாத ஒருவரைக் காணவே வந்தார்கள் என்பது ஆய்வுக்குப் புறம்பானது. ஆனாலும் சொல்லி வைக்கிறேன்.

பழைய சட்டமோ நம் பக்கம். 1865-இல் இங்கிலாந்து, இயந்திர வண்டிக்கு முன்னால் ஓராள் செங்கொடியோடு நடக்க வேண்டுமென்று விதித்தது. ஊருக்குள் மணிக்கு இரண்டு மைல். 1896 ஜனவரியில் கென்ற் பகுதியில் வோல்ரர் ஆர்னல்ட் என்பவர் எட்டு மைல் வேகத்தில் போய், சைக்கிளில் துரத்திய பொலிஸ்காரரிடம் பிடிபட்டு ஒரு சிலிங் தண்டம் கட்டினார். மோட்டார் யுகத்தின் முதல் வேகக் குற்றவாளி அவரே என்பர். அவரைப் பிடித்தது சைக்கிள். சைக்கிளை இகழ்வோர் இதை மனனம் செய்க.

தண்டம் நடைமுறையில் எப்படியிருக்கும் என்பதற்கும் சான்றுண்டு. பின்னால் ஹோர்ண் அடித்துச் சலித்த பெடியன், மாஸ்ரரின் கண்ணாடியோடு அணைத்துக் கேட்டான்:

“ஐயா, கொஞ்சம் கெதியா விடுங்கோவன்.”

கார் நடுவீதியில் நின்றது.

“தம்பி, நீர் ஆற்றை பெடியன்?”

சொன்னான்.

“அட, உம்மடை அப்பாவுக்கு நான் கணக்குப் படிப்பிச்சனான். அவனும் இப்பிடித்தான், விடை மட்டும் கெதியா வரும். அம்மாவின்ரை சுகர் இப்ப எப்பிடி?”

பின்னால் இரண்டு ஓட்டோவும் ஒரு லாண்ட்மாஸ்ரரும் சேர்ந்தன. ஒருவரும் ஹோர்ண் அடிக்கவில்லை. அம்மாவின் சுகரைப் பற்றி அறிய எல்லோருக்கும் விருப்பம்.

ஆகவே சித்தாந்தம்: மெதுவாகப் போகிறவர் எப்படியும் போகிறார், அவருக்குத் தண்டமில்லை. எதிரெதிராக வந்து நடுவீதியில் நிறுத்திக் கதைக்கும் இரு வாகனங்களுக்கே தண்டம். விதிவிலக்கு: சுகவிசாரணை, செத்தவீட்டுத் தகவல், சம்பந்தப் பேச்சு, பிள்ளையின் விசா, கோயில் திருவிழா உபயம், சீட்டுக்காசு. இவை நீங்கலாகக் கதைப்பவர் எவரேனும் பிடிபட்டால், தண்டத்தை அன்றைக்கே அறவிடலாம். பற்றுச்சீட்டுப் புத்தகம் ஒன்று வாங்கினால் இந்த நூற்றாண்டுக்குப் போதும்.