சைலன்சர்ப் பிறப்பியல்

தொல்காப்பியர் கார் ஓட்டியவர் அல்லர். ஆயினும் தமிழ்கூறு நல்லுலகின் முதல் சைலன்சர் நிபுணர் அவரே என்பது இக்கட்டுரையின் துணிபு. உந்தியில் எழும் காற்று தலை, மிடறு, நெஞ்சு என்று தங்கி, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என மொத்தம் எட்டு இடங்களின் உதவியால் எழுத்தொலியாகிறது என்று பிறப்பியலில் சொல்லிவிட்டார். இன்ஜினின் உந்தியில் எழும் காற்றும் அப்படித்தான். மேனிஃபோல்டில் கிளம்பி, முன்குழாய் என்னும் மிடற்றில் இறங்கி, கேட்டலிட்டிக் கன்வெர்ட்டராகிய கேட்கான் என்னும் நெஞ்சில் வெந்து, பெட்டி என்னும் அண்ணத்தில் முட்டி, வால்குழாய் என்னும் இதழ் வழியே வெளியே வருகிறது. பல் மட்டும் இல்லை. அதைப் பின்னால் வரும் போலீஸ்காரர் கடிப்பார்.

ஆய்வுக்குத் தூண்டுகோல் என் மைத்துனர். அவரிடம் ஒரு பழைய மாருதி 800 இருக்கிறது. மூன்று சிலிண்டர், 796 சிசி. “அத்தான், வண்டி நல்லாத்தான் ஓடுது. ஆனா வர்றது தெருவுல யாருக்கும் தெரிய மாட்டேங்குது” என்றார். சத்தம் போடுகிற சைலன்சர் வேண்டுமாம். இதனை முரண்தொடை என்க.

வரலாறு சுருக்கமானது. அமெரிக்காவில் இண்டியானா மாநிலத்து ரீவ்ஸ் சகோதரர்கள் 1897இல் வாகனப் புகைக்குழாய்க்கு ஒலியடக்கும் பெட்டி ஒன்றுக்குக் காப்புரிமை வாங்கினார்கள். பிறகு 1909இல் ஹிராம் பெர்சி மாக்சிம் துப்பாக்கிக்கு சைலன்சர் செய்து காப்புரிமை பெற்றார். இன்ஜின்களின் சத்தத்தை அடக்குவதிலும் இறங்கினார். அவருடைய தந்தைதான் மாக்சிம் இயந்திரத் துப்பாக்கியைக் கண்டுபிடித்தவர். அப்பா போட்ட சத்தத்துக்குப் பிள்ளை செய்த பிராயச்சித்தம் இது என்று கொள்ள இடமுண்டு.

இனி தாளம். நான்கு வீச்சு இன்ஜினில் ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை வெடிக்கிறது. மைத்துனரின் வண்டி நிமிடத்துக்கு 800 சுற்றில் சும்மா நிற்கும்போது நொடிக்கு 20 அடி. 3000 சுற்றில் 75 அடி. அதே 3000 சுற்றில் எட்டு சிலிண்டர் இன்ஜின் நொடிக்கு 200 அடி அடிக்கும். திஸ்ர நடையில் பிறந்த வண்டி, எந்தக் குழாயை மாட்டினாலும் திஸ்ரம்தான். சைலன்சரால் குரலை உயர்த்தலாம், தாழ்த்தலாம், தாளத்தை மாற்ற முடியாது. இந்த ஒரு உண்மையை மைத்துனர் முதலிலேயே ஏற்றுக்கொண்டிருந்தால் இக்கட்டுரை இங்கேயே முடிந்திருக்கும்.

பெட்டிகள் மூவகைப்படும். கம்பெனிப் பெட்டி மெல்லினம்: உள்ளே தடுப்புகளும் துளைக்குழாய்களும் இருக்கும். புகை முன்னும் பின்னும் அலைந்து, ஒலியலைகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு அடங்கும். தடுப்பைக் குறைத்து இரண்டு மூன்று அறைகளோடு நிறுத்திக்கொள்வது இடையினம். நேர்குழாயில் துளைகள் போட்டு, சுற்றிலும் கண்ணாடிப் பஞ்சை அடைத்தது வல்லினம்; இதைத்தான் இளைஞர்கள் ஃப்ரீ ஃப்ளோ என்று பரவசத்தோடு சொல்கிறார்கள். வல்லினம் முதல் சில மாதங்கள் கச்சேரி செய்யும். பஞ்சு கருகிப் பறந்தபின் ஒப்பாரி.

ஆராய்ச்சிக்காகப் புதுப்பேட்டைக்குப் போனோம். ஒட்டுக்கடை அண்ணன் வண்டிக்கு அடியில் படுத்து, பெட்டியை ஸ்பேனரால் தட்டினார். முன்பக்கம் ‘ணங்’ என்றது. பின்பக்கம் ‘சொத்’ என்றது. “உள்ளாற துரு சார்” என்றார். காரணம் ரசமானது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகக் குழாய் வழியே போகிறது. காய்கறிக் கடை வரைக்கும் மட்டும் ஓடும் வண்டியில் குழாய் முழுதாகச் சூடாவதற்குள் இன்ஜினை அணைத்துவிடுகிறோம். ஆவி குளிர்ந்து பெட்டிக்குள்ளேயே தங்குகிறது. பிறகு அண்ணன் வால்குழாயைத் துணியால் பொத்தச் சொல்லி, இணைப்புகளில் காது வைத்துக் கேட்டார். கேஸ்கட் பக்கம் ‘உஸ்’ என்றது. இரண்டு நிமிடத்தில் அவர் முடித்த இந்த ஆய்வுதான் எங்கள் ஆய்விலேயே உருப்படியானது.

மைத்துனர் இரண்டேகால் அங்குலக் குழாய் கேட்டார். அண்ணன் எழுந்து உட்கார்ந்தார். “சார், இதுல இருக்கறதே முப்பத்தேழு குதிரை. அதுக்கு எதுக்கு இவ்ளோ பெரிய லாயம்?”

இவ்விடத்தில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. இன்ஜினுக்குக் கொஞ்சம் எதிரழுத்தம் வேண்டும் என்பர் ஒரு சாரார். அடைப்பை விரும்பும் இன்ஜின் உலகத்தில் கிடையாது என்பர் மறு சாரார். பின்னவர் சொல்வதே சரி. ஆனால் இன்ஜினுக்கு வேகம் வேண்டும். ஒரு சிலிண்டரின் புகை விரைந்து ஓடினால், பின்னே அழுத்தம் குறைந்து, அடுத்த சிலிண்டரின் புகையையும் இழுத்துக்கொண்டு போகும். குழாய் விட்டத்தை ஒன்றரை மடங்காக்கினால் பரப்பு இரண்டேகால் மடங்காகிறது. புகை குளிர்ந்து, சோம்பி நடக்கும். தாழ்ந்த வேகத்தில் இழுவை போய்விடும். நம் ஊர் நெரிசலில் தாழ்ந்த வேகம் தவிர வேறு வேகம் ஏது?

குழாயை வளைப்பது புணர்ச்சி இலக்கணத்தைச் சேர்ந்தது. உள்ளே உருளை வைத்து வளைக்கும் மேண்ட்ரல் வளைவில் குழாயின் வட்டம் மாறாது. அது இயல்பு புணர்ச்சி. வெறுமனே அழுத்தி வளைத்தால் வளைவில் நசுங்கிக் கெடும், அது விகாரம். உலோகத்துக்கு ஒரு காந்தம் போதும். 409 எஃகில் ஒட்டும், 304இல் பெரும்பாலும் ஒட்டாது. ஒட்டாததற்கு விலை அதிகம்.

நுனியில் மாட்டும் பளபளப்பான குரோம் வாய் பற்றியும் சொல்ல வேண்டும். நிஜக் குழாய் உள்ளே குனிந்து ஒளிந்திருக்க, பம்பரில் அகலமாக வாய் திறந்து நிற்கும் அலங்காரங்கள் விலையுயர்ந்த கார்களிலேயே வந்துவிட்டன. கடையில் வாங்கிக் கடைசியில் மாட்டுவதால் இருவகையிலும் இது கடைப்போலி.

அண்ணன் எவ்வளவோ சொல்லியும் மைத்துனர் வல்லினமே மாட்டினார். தாம்பரம் தாண்டி 2400 சுற்றில் நிலைத்ததும், நொடிக்கு 60 அடியாக ஒரு ரீங்காரம் கூரையைப் பிடித்துக்கொண்டது. பின்சீட்டில் மாமியார் ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்று செங்கல்பட்டில் இன்ஜினை அணைத்த பிறகுதான் கேட்டது. இறங்கிக்கொள்கிறாராம்.

பத்து டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்கு. காதுக்குக் கேட்பது ஏறக்குறைய இரண்டு மடங்கு. திட்டு எத்தனை மடங்கு என்பது அளக்கப்படவில்லை. சட்டம் அளந்துவைத்திருக்கிறது: மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2)ஆம் பிரிவின்படி, ஒலி, புகை விதிகளை மீறி ஓட்டினால் 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும், உரிமமும் மூன்று மாதம் முடங்கும்.

ஆகவே சைலன்சர் மாற்றப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கேட்கானைக் கழற்றாதீர்கள். பழைய பெட்டியைக் காயலான் கடையில் போட்டுவிடாதீர்கள். பதினைந்து வருடம் முடிந்து ஆர்.சி. புதுப்பிக்கப் போகும்போது அதுதான் தேவைப்படும். மைத்துனருடையது எங்கள் வீட்டுப் பரணில், செய்தித்தாள் சுற்றி, பத்திரமாக இருக்கிறது.