கிணத்துக்குள்ளை ஒரு அந்தர்

எட மோனை, உன்ரை கத்தரித் தோட்டத்தை வேலிக்கு மேலாலை எட்டிப் பாத்தன். என்ன வடிவு! இலை ஒவ்வொண்டிலையும் சோறு போட்டுச் சாப்பிடலாம் போலை கிடக்கு. காயைத்தான் குனிஞ்சு தேடவேண்டிக் கிடந்தது. சுன்னாகம் சந்தையிலை கத்தரி இலைக்கு விலை ஏறிப்போச்செண்டு ஆரும் சொன்னவையோ? எனக்கும் ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் நானும் காய்க்கு மினைக்கெடாமல் விட்டிருப்பன்.

கோவிக்காதை. யூரியாவிலை நூற்றுக்கு 46 பங்கு நைதரசன் எண்டு எனக்குச் சொல்லித் தந்ததே நீதான். அவ்வளவு படிச்ச பிள்ளை, செடியின்ரை வயிறு எவ்வளவு பெரிசு எண்ட பாடம் நடந்த அண்டைக்கு மட்டும் பள்ளிக்கூடம் போகேல்லைப் போலை. முதல் போடுற பசளைக்கு விளைச்சல் எழும்பும், ஓமெண்டுறன். அடுத்ததுக்கும் கொஞ்சம் எழும்பும். அதுக்கு மேலை கொட்டினால் எழும்பிறது இலைதான். பூப் பிந்தும், பிஞ்சு குறையும், மெத்தெண்ட குருத்தைக் கண்டு அழுக்கணவன் பெண்டில் பிள்ளையளோடை வந்து குடியிருக்கும். பிறகு மருந்து வாங்க ஓடுவாய். கடைக்காரன் உனக்குக் கதிரை எடுத்துப் போடுறது உன்ரை முகவடிவுக்கெண்டு நினைச்சியோ?

வெங்காயத்துக்கு இன்னும் மோசம். கிண்டிறதுக்குக் கிட்டமுட்டும் யூரியா எறிஞ்சால் கழுத்துத் தடிச்சு, வடிவாய்க் காயாமல், பிடி கட்டித் தூக்கின இடத்திலேயே அழுகும்.

இனித் தண்ணிக்கு வாறன். துலாக் காலத்திலை ஒருதன் மிதிக்க, ஒருதன் பட்டை பிடிக்க, இன்னொருதன் தண்ணி மாறுவான். மூண்டு பேருக்கும் முதுகு நோகும், அதாலை இறைப்பும் அளவாய் இருந்தது. இப்ப இறைக்கிற மிஷினுக்கு முதுகு இல்லை. நீ சுவிச்சைப் போட்டிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போறாய், அது தன்ரை பாட்டிலை இறைச்சுக்கொண்டு நிக்குது. எங்கடை செம்மண்ணுக்குக் கீழை சுண்ணாம்புக் கல்லு, அது முழுக்க வெடிப்பும் பொந்தும். யூரியா மண்ணுக்குள்ளை நைத்திரேற்றாய் மாறினாப்பிறகு மண் அதைப் பிடிச்சு வைக்காது, தண்ணி போற இடமெல்லாம் கூடப் போகும். வேரைத் தாண்டிக் கீழை இறங்கினால் அது கத்தரிக்கு இல்லை, கிணத்துக்கு.

அதாவது காசு குடுத்து வாங்கின பசளையை உன்ரை கையாலேயே உன்ரை குடிதண்ணிக்குள்ளை கரைக்கிறாய். குடிதண்ணியிலை லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்றுக்கு மேலை ஆகாதெண்டு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. கூடினால் கைக்குழந்தையின்ரை ரத்தம் ஒட்சிசனைக் காவ மாட்டாது, பிள்ளை நீலம் பாரிக்கும். வலிகாமத்திலை கன தோட்டக் கிணறுகள் இந்த எல்லையைத் தாண்டினதை 1980களிலேயே அளந்து எழுதிப்போட்டினம். நாங்கள்தான் வாசிக்கேல்லை, மிஷினுக்குப் பக்கத்திலை நிண்டால் ஒண்டும் கேக்காதுதானே.

உனக்குக் கணக்கு விருப்பம், அதாலை ஒண்டு தாறன். உன்ரை கிணறு சரியாய் அந்த 50இலை நிக்குதெண்டு வை. ஒரு போகத்துக்கு 500 மில்லிமீற்றர் இறைச்சால், ஏக்கருக்கு, அதுதான் 16 பரப்புக்கு, 20 இலட்சம் லீற்றர். அதிலை கரைஞ்சு வாற நைதரசன் 23 கிலோ அளவிலை. யூரியாவாய்ப் பாத்தால் 50 கிலோ. ஒரு அந்தர், மோனை! கிணறு சும்மா தருகுது, நீ அதையும் கணக்கிலை எடுக்காமல் கடையிலை புதிசாய் வாங்கிக்கொண்டு வாறாய். கூட இறைச்சால் அந்த அந்தரும் திரும்பக் கிணத்துக்கே போயிடும், அதுக்கும் உன்ரை மிஷின் பொறுப்பு.

யூரியாவே வேண்டாமெண்டு நான் சொல்லேல்லை. தொண்ணூறுகளிலை பொருளாதாரத் தடை எண்டு யூரியாவும் இல்லை, மண்ணெண்ணெய்க்கும் தவம். பூவரசங் குழை தாட்டு, பட்டி அடைச்சுச் சமாளிச்சம், விளைச்சல் குறைஞ்சுதான் போச்சு. 2021 மே மாதத்திலை ஒரு ஜனாதிபதி நாட்டுக்கே செயற்கைப் பசளை வேண்டாமெண்டார். நவம்பரிலை அந்தச் சொல்லை விழுங்கினார், அடுத்த வருசம் யூலையிலை ஆளே நாட்டை விட்டுப் போனார். வேறை காரணமும் இருந்ததுதான். எண்டாலும் தோட்டக்காரனிட்டைக் கேட்டுப்போட்டுச் செய்திருக்கலாம்.

நீ செய்யவேண்டியது பெரிய வித்தையில்லை. மொத்தமாய்க் கொட்டாமல் புல்லுப் பிடுங்கினாப்பிறகு கொஞ்சம் கொஞ்சமாய்ப் பிரிச்சுப் போடு. போட்டதை மண்ணுக்குள்ளை கொத்திவிடு, வெய்யிலிலை மேலை கிடந்தால் காத்தோடை போயிடும். அண்டைக்குத் தண்ணி அளவாய் விடு. மற்ற நாளிலை விரலை மண்ணுக்குள்ளை விட்டுப் பார், ஈரம் இருந்தால் மிஷினைத் தொடாதை. குழை தாக்கிறதுக்கு வெக்கப்படாதை, அந்தப் பூவரசு வேலிக்கு மட்டும் நட்டதில்லை. கிணத்துத் தண்ணியை ஒருக்கால் சோதிக்கக் குடு. எங்கை குடுக்கிறதெண்டு திருநெல்வேலி விவசாய ஆராய்ச்சி நிலையத்திலை கேட்டால் வழி சொல்லுவினம்.

அளவாய் இறைக்க இன்னொரு காரணமும் கிடக்கு. மாரி மழை பெய்யிறது ஐப்பசியிலையிருந்து மார்கழி மட்டும். குடாநாட்டிலை வருசம் முழுக்க ஓடுற ஆறு ஒண்டும் இல்லை. கிணத்திலை கிடக்கிறது உப்புத் தண்ணிக்கு மேலை மிதக்கிற நல்ல தண்ணி. மேலை ஒரு அடி குறைஞ்சால் கீழையிருந்து உப்பு நாப்பது அடி அளவிலை ஏறப் பாக்கும். பிறகு நீ உப்புக் கத்தரிதான் வைக்கவேணும், அதுக்கு இன்னும் விதை வரேல்லை.

சரி, சரி, தலையை ஆட்டினது காணும். முதல் ஓடிப்போய் மிஷினை நிப்பாட்டு. வாய்க்கால் உடைச்சு உன்ரை யூரியா றோட்டாலை கோயிலடிக்குப் போகுது.