வலமா ஒரு சுத்து

வாங்க தம்பி. பெங்களூர்லேருந்து வந்த கையோட ஐயாவோட அம்பாசிடருக்கு ஸ்டீயரிங் சுவிட்ச் மாத்தப் போறீகளாம்ல. ராத்திரி பூரா செல்லுல வீடியோ பாத்தீகன்னு ஆச்சி பெருமையாச் சொன்னாக. அப்புறமென்ன, பந்தியப் படத்துல பாத்தாலே வயிறு நெறைஞ்சிரும்ல.

இண்டிகேட்டர் மின்னலைன்னா சுவிட்சுதான் குத்தவாளி. பல்பைப் பாத்தீகளா? பியூஸ்? பிளாஷர் டப்பா? ஹோல்டர்ல எர்த்து துருப்புடிச்சிருக்கா? வேணாம், பாக்காதீக. ஒத்தப் பல்போட வேலை முடிஞ்சு போச்சுன்னா ஊருக்கு என்னத்தப் படம் புடிச்சுக் காட்டுவீக?

முனீஸ்வரன் கோயில் தெருவுல கடை கடையாத் தேடுனீகளாம். இடிச்ச வீட்டுத் தேக்கு நிலை அங்க கெடைக்கும். கார் சுவிட்சுக்கு மெட்ராஸ் புதுப்பேட்டைக்குல்ல போகணும்! அம்பாசிடர் 1957லேருந்து 2014 வரைக்கும் வந்த வண்டி. மார்க் 2, மார்க் 3, மார்க் 4, நோவான்னு எத்தனை மாத்தம்! பழைய வண்டியில ஹெட்லைட் டிப்பர் சுவிட்சு காலுக்கடியில கெடக்கும். 'எல்லா வண்டிக்கும் பொருந்தும்'னு பெட்டியில எழுதியிருக்கறத நம்பாம, கழட்டுன சுவிட்சக் கையில கொண்டுபோயி ஒப்பிட்டு வாங்குங்க.

கழட்டுறதையும் சொல்லிப்புடறேன். சக்கரத்த நேரா வச்சு, பேட்டரி எர்த்தக் கழட்டிருங்க. ஹாரன் பட்டனை எடுத்தா நடுவுல நட்டு தெரியும். ராடுலயும் ஸ்டீயரிங்லயும் ஒரே கோடாக் கீறி வையுங்க. கீறாம மாட்டுனா வண்டி நேராப் போகும், ஸ்டீயரிங் மட்டும் கோணிக்கிட்டு நிக்கும். இண்டிகேட்டர் குச்சியும் வேளை தெரியாம விழும். நட்டை முழுசாக் கழட்டாதீக, ரெண்டு மரை விட்டு வையுங்க. இறுக்கம் விட்டா ஸ்டீயரிங் எகிறி நேரா பல்லுலதான் அடிக்கும். எனக்கு முன்பல்லு ஏன் இல்லைன்னு கேக்காதீக. புல்லர் போடுங்க, சுத்தியல எடுத்தா ராடோட மரை நசுங்கிப் போகும்.

வயரப் பிரிக்கறதுக்கு முந்தி மட்டும் அந்தச் செல்லால ஒரு படம் புடிச்சுக்கங்க. பச்சையில செவப்புக் கோடு எடப்பக்கம், பச்சையில வெள்ளைக் கோடு வலப்பக்கம்னு இங்கிலீஷ்காரன் வச்ச கணக்கு. ஆனா ஐயா காலத்துலேருந்து எத்தனை எலக்ட்ரீசியன் கைபட்டுச்சோ, நம்ம வண்டியில வேட்டிக்கரை கலருல எல்லாம் வயர் ஓடுது.

மாட்டி முடிச்சுட்டு ரோட்டுக்கு ஓடாதீக. கானாடுகாத்தான் தெரு நூல் புடிச்ச மாதிரி நேரு. முகப்பு ஒரு தெருவுல, பின்கட்டு வாசல் அடுத்த தெருவுல. உங்க வீட்டு வரிசைய வலமா ஒரு சுத்து, எடமா ஒரு சுத்து சுத்துங்க. எட்டுத் திருப்பத்துலயும் குச்சி தானா விழணும். விழுந்தா ஹாரன் அடிங்க, நான் எந்திரிச்சு வாரேன். விழலைன்னா அடிக்க வேணாம். ஹாரன் வயரையும் நீங்க மாட்டியிருக்க மாட்டீக.