முன் டயரில் சிக்கனம் வேண்டாம்

கேள்வி: லாரிக்கு முன் டயர் மாற்ற வேண்டும். கடைக்குக் கடை ஒரு சைஸ் சொல்கிறார்கள். யாரை நம்புவது?
– லாரி உரிமையாளர், பண்ருட்டி

பதில்: ஆர்.சி. புத்தகத்தை நம்புங்கள். முன் அச்சுக்கு எந்த அளவு டயர், அந்த அச்சில் எத்தனை கிலோ ஏற்றலாம் என்ற இரண்டும் அதில் பதிவாகியிருக்கும். அதைக் கையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

கேள்வி: இப்போது 10.00-20 நைலான் ஓடுகிறது. 295/80 ஆர் 22.5 டியூப்லெஸ் போட்டால் வண்டி உயர்ந்துவிடுமா?
– ஓட்டுநர், வடலூர்

பதில்: உயராது. பழையது சுமார் 1,050 மி.மீ. உயரம், புதியது சுமார் 1,044. ரிம் பெரிதான அளவுக்கு டயரின் பக்கச்சுவர் குட்டையாகிவிடுகிறது. ஆனால் டிஸ்க்கையும் சேர்த்து மாற்ற வேண்டும். லாக் ரிங், டியூப், ஃபிளாப் உள்ள 20 அங்குல டிஸ்க்கில் 22.5 டயர் உட்காராது. டிஸ்க் செலவு வேண்டாம் என்றால் 20 அங்குலத்துக்கே 10.00 ஆர் 20, 295/90 ஆர் 20 என்று ரேடியல்கள் இருக்கின்றன.

கேள்வி: டயரில் 152/148 என்று இருக்கிறதே, அது என்ன?
– சாம்பல் லாரி ஓட்டுநர், நெய்வேலி

பதில்: நீங்கள் முதலில் பார்க்க வேண்டியதே அதைத்தான். 152 என்றால் ஒற்றையாக ஓடும் டயர் 3,550 கிலோ தாங்கும். 148 என்றால் ஜோடியாக ஓடும்போது ஒவ்வொன்றும் 3,150 கிலோ. முன்னால் ஓடுவது ஒற்றை டயர், ஆகவே முதல் எண்தான் உங்களுக்கு.

2018 ஜூலையில் மத்திய அரசு அச்சு எடை வரம்பை உயர்த்தியது. பத்து சக்கர லாரியின் மொத்த எடை 25 டன்னிலிருந்து 28.5 டன் ஆனது. பழைய 6 டன் முன் அச்சுக்கு 146 போதும். இரண்டு டயரும் சேர்ந்து 6,000 கிலோ தாங்கும். உங்கள் ஆர்.சி.யில் முன் அச்சு 7.5 டன் என்றிருந்தால் 152 போதாது, அது 7,100 கிலோதான். 154 வாங்குங்கள், கணக்கு 7,500க்குச் சரியாக வரும்.

கேள்வி: அப்படியானால் இன்னும் அகலமாக 315/80 போட்டுவிடலாமே?
– அதே ஓட்டுநர்

பதில்: 295க்கு 8.25 அங்குல அகல ரிம் பொருந்தும். 315க்கு 9 அங்குலம் வேண்டும். உயரமும் 30 மி.மீ.க்கு மேல் கூடும். ஸ்டியரிங்கை முழுக்க ஒடிக்கும்போது எங்கேயாவது உரசும். வேண்டாம்.

கேள்வி: ஒரு பக்கம் ரேடியல், மறுபக்கம் நைலான். ஒரு வாரம் ஓட்டலாமா?
– முந்திரி வியாபாரி, காடாம்புலியூர்

பதில்: ஒரு நாள்கூட ஓட்டாதீர்கள். இரண்டும் வளைவில் வெவ்வேறு விதமாக நெளியும்; ஸ்டியரிங் இழுக்கும். ஒரே அச்சில் ஒரே அளவு, ஒரே வகை, ஒரே பட்டன்.

கேள்வி: ரீட்ரேட் செய்த டயரை முன்னால் போடலாமா?
– பலாப்பழ லாரி உரிமையாளர், பண்ருட்டி

பதில்: பின்னால் போடுங்கள். அங்கே ஒன்று வெடித்தாலும் பக்கத்து டயர் தாங்கும். முன்னால் துணைக்கு வேறு டயர் கிடையாது.

கேள்வி: எவ்வளவு தேய்ந்தால் மாற்றுவது?
– கிளீனர், நெல்லிக்குப்பம்

பதில்: பட்டன் ஆழம் 1.6 மி.மீ. ஆகும் வரை நம் சட்டம் அனுமதிக்கிறது. அமெரிக்காவில் லாரியின் முன் டயருக்கு 3.2 மி.மீ., மற்ற டயர்களுக்கு அதில் பாதி. ஐப்பசி, கார்த்திகை மழையில் விக்கிரவாண்டி – தஞ்சாவூர் சாலையில் ஓடும் நம் லாரிகளுக்கும் 3.2தான் நல்ல கணக்கு. பட்டன் அந்த அளவுக்கு வந்ததும் இரண்டு முன் டயர்களையும் சேர்த்தே மாற்றுங்கள். ஏற்றுவது பலாவோ சாம்பலோ, முன் டயரில் மிச்சம் பிடிக்காதீர்கள்.