திரும்பி வருவேன் என்பதற்கு அத்தாட்சி

அமெரிக்காவுக்கு என் விஷயத்தில் இருந்தது ஒரே ஒரு சந்தேகம்தான்: போனால் இவன் திரும்பி வரமாட்டான். பிறந்தது முசிறி, வாத்தியார் வேலை திருச்சியில், சனிக்கிழமை மத்தியானம் ஆனால் முசிறி பஸ்ஸில் ஜன்னலோர சீட். கால் நூற்றாண்டாக இதுதான் என் போக்குவரத்து. திரும்பி வருவதில் இந்த ஜில்லாவில் என்னை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. ஆனால் 1999-ல் அதைச் சென்னை அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த விசா அதிகாரி நம்பும்படி சொல்ல என்னால் முடியவில்லை. அடுத்த தடவையும் முடியவில்லை. அதற்கடுத்த சீசனிலும் முடியவில்லை.

அந்தச் சந்தேகத்துக்குச் சட்டத்தில் ஓர் எண் உண்டு. 1952-ல் வந்த அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்தின் 214(பி) பிரிவு. மாணவர் விசாவோ சுற்றுலா விசாவோ கேட்டு வருகிறவர் யாரானாலும், நிரந்தரமாகத் தங்கத்தான் வருகிறார் என்றே அதிகாரி எடுத்துக்கொள்ள வேண்டும். இல்லை என்று காட்டுவது கேட்பவர் பாடு. கொலைக் கேஸில் பிடிபட்டவனுக்கே குற்றம் நிரூபணமாகும்வரை நிரபராதி என்ற பெயர் உண்டு. எம்.எஸ். படிக்கப் போகிறவனுக்கு அந்தச் சலுகை கிடையாது. அதிகாரி மேல் எனக்கு அன்றும் கோபமில்லை, இன்றும் இல்லை. முன்பின் தெரியாத ஒருவன் மனசில் இரண்டு வருஷம் கழித்து என்ன இருக்கும் என்று இரண்டு மூன்று நிமிஷத்தில் சொல்லச் சொன்னால், கிளி ஜோசியக்காரனே கூண்டைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவான். மறுப்புக்கு மேல்முறையீடு கிடையாது. ஆனால் மறுபடி விண்ணப்பிக்கலாம். கட்டணத்தை மட்டும் மறுபடி முழுசாகக் கட்ட வேண்டும்.

இப்போது என் அண்ணன் மகளின் முறை. அவளுக்கும் போன வருஷம் இல்லை, இந்த வருஷம் இல்லை. கையில் கொடுத்த மறுப்புத் தாளை வாட்ஸப்பில் அனுப்பினாள். பெரிதாக்கிப் பார்த்தேன். எழுத்துரு மாறியிருக்கிறது, எண் மாறவில்லை.

"சித்தப்பா, உங்களுக்கும் இதே 214(பி)தானா?"

"இதேதாம்மா."

"அப்ப நம்ம குடும்பச் சொத்துன்னு சொல்லுங்க."

சொத்து என்றதும் அந்தக் காலத்து ஃபைல் ஞாபகம் வந்தது. வங்கிகள் சங்கம் கல்விக் கடனுக்கென்று மாதிரித் திட்டம் கொண்டுவந்ததே 2001-ல்தான். அதற்கு முன்னால் எங்களைப் போன்றவர்களுக்கு அமெரிக்கப் படிப்புக்குக் கடன் கிடைப்பது குதிரைக்கொம்பு. ஆகவே அப்பாவிடம் காசு இருக்கிறது என்று காட்ட வேண்டும். அப்பா ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். காவிரிப் பாசனத்தில் கொஞ்சம் வாழை, வரப்போரம் தென்னை. வி.ஏ.ஓ. வந்து தென்னை மரங்களை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார். பட்டா, சிட்டா, அடங்கல், தாசில்தாரின் சால்வன்சி சர்டிபிகேட், அம்மாவின் நகைக்கு மதிப்பீட்டாளர் கொடுத்த சீட்டு. இத்தனையையும் கூட்டி ஓர் ஆடிட்டர் பச்சை மையில் கையெழுத்துப் போட்டு ஒரு தாள் கொடுத்தார். அதில் அப்பா லட்சங்களில் புரளுகிறவர். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்துவிட்டு, "இதுல எழுதியிருக்கறவரு யாருங்க?" என்று அப்பாவிடமே கேட்டார்.

முதல் மறுப்புக்குப் பிறகு, தி.நகரில் ஆலோசனை நிலையம் வைத்திருந்தவர் ஒரு வழி சொன்னார். மாமா கணக்கில் இருக்கும் பணத்தைப் பத்து நாள் எங்கள் கணக்கில் போட்டு, வங்கியில் சான்று வாங்கிவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடலாமாம். அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. "கடன் வாங்கிப் பணக்காரன்னு காட்டறதுக்கு அமெரிக்கா எதுக்குய்யா? நம்மூர்க் கல்யாணம் போதாதா?" என்று எழுந்து வந்துவிட்டார்.

அந்த ஃபைலை அதிகாரி ஒரு தடவைகூடத் திறக்கவில்லை. பல்கலைக்கழகம் அனுப்பிய ஐ-20 படிவத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மூன்று கேள்வி கேட்டார். ஏன் இந்தப் பல்கலைக்கழகம், யார் பணம் கட்டுகிறார்கள், படித்து முடித்து என்ன செய்வாய். கடைசிக் கேள்விக்கு அதே ஆலோசகர் ஒரு பதில் தயாரித்துக் கொடுத்திருந்தார். படிப்பு முடிந்ததும் தாய்நாடு திரும்பி, தந்தையின் தொழிலை நவீனப்படுத்துவேன். கண்ணாடிக்கு முன்னால் மைக் இருந்ததால் அடுத்தவர் பேச்செல்லாம் ஹாலில் கேட்கும். எனக்கு முன்னால் நின்ற பையன் அரிசி ஆலையை நவீனப்படுத்தினான். அவனுக்கு முன்னால் ஒருவன் நூல் மில்லை. நான் வாழையை. மறுநாள் வருகிறவர்களுக்காக நாமக்கல்லில் கோழிப்பண்ணைகளும் சிவகாசியில் அச்சகங்களும் காத்திருந்திருக்கும்.

முடிவு சொன்னதும் பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் விண்ணப்பம் பெறப்பட்டது என்று தேதியோடு ஒரு முத்திரை விழும். விசா ஒட்டினால் நடுப்பக்கம், முத்திரை என்றால் கடைசிப் பக்கம். அதனால் வெளியே வருகிறவன் பாஸ்போர்ட்டை எந்தப் பக்கம் புரட்டுகிறான் என்று பார்த்தே, துணைத் தூதரக வாசல் பிளாட்பாரத்தில் நிற்கிறவர்கள் விஷயத்தைத் தெரிந்துகொள்வார்கள்.

அந்தப் பிளாட்பாரம் தனி உலகம். இரவே வந்து பேப்பர் விரித்துப் படுத்து இடம் பிடிப்பார்கள். அப்படிப் பிடித்த இடத்தை விடிகாலையில் விற்பார்கள். விற்றவன் ஒருநாளும் உள்ளே போகமாட்டான். அமெரிக்காவால் மாதச் சம்பளம்போல் வருமானம் பார்த்தவர்களில் அவனும் ஒருவன். உள்ளே பை கூடாது என்பதால் பை பார்த்துக்கொள்ள ஓர் ஆள், படிவம் நிரப்ப டைப்ரைட்டரோடு ஓர் ஆள். அந்தப் படிவத்தில், நாஜி ஜெர்மனி நடத்திய கொடுமைகளில் பங்கெடுத்ததுண்டா என்றுகூட ஒரு கேள்வி வரும். முசிறிக்காரன் இல்லை என்று டிக் போடுவான்.

காலையில் வேலை முடிந்தால் எல்லோரும் போவது கதீட்ரல் ரோடு உட்லண்ட்ஸ் டிரைவ்-இன். கிடைத்தவன் வீட்டார் காரை மரத்தடியில் நிறுத்தி, கார் ஜன்னலில் தட்டை மாட்டி சன்னா பட்டூரா சாப்பிடுவார்கள். கிடைக்காதவனும் சாப்பிடுவான், அவனுக்கு மட்டும் பசிக்காதா? அங்கேதான் நான் அன்றாட அரசியலும் கற்றேன். ஜன்னல் எண் ஒன்றில் இருப்பவர் பெண்களுக்குக் கொடுப்பார், மூன்றில் இருப்பவர் திங்கட்கிழமை யாருக்கும் கொடுக்கமாட்டார் என்றெல்லாம் ஆராய்ச்சி நடக்கும். 1962-ல் ஆரம்பித்த அந்த ஹோட்டல் 2008-ல் மூடப்பட்டது. அந்த இடத்தில் இப்போது செம்மொழிப் பூங்கா. ஆராய்ச்சி டெலிகிராம் குழுவுக்குக் குடிபோய்விட்டது. அண்ணன் மகள் காட்டினாள்: காலையில் எந்த அதிகாரி எத்தனை பேரிடம் என்ன கேட்டார் என்பது மத்தியானத்துக்குள் பட்டியலாக வந்துவிடுகிறது. அதிகாரிகளுக்குப் பட்டப்பெயர்கூட உண்டு. ஆராய்ச்சியின் தரம் மட்டும் டிரைவ்-இன் காலத்தில் இருந்த இடத்திலேயே நிற்கிறது.

ஊரில் நிலைமை வேறு. எனக்கு வி.ஐ.பி. பெட்டி வாங்கியாகிவிட்டது, சின்னதாக ஒரு குக்கர் வாங்கியாகிவிட்டது, முறுக்கும் சுட்டாகிவிட்டது. "எப்ப தம்பி பயணம்?" என்று கேட்டவர்களுக்கு முதலில் ஆகஸ்டு என்றேன், பிறகு ஜனவரி என்றேன், பிறகு காவிரிக்கரைப் பக்கம் போவதையே குறைத்துக்கொண்டேன். குக்கரை அம்மா எடுத்து சாம்பார் பருப்பு வேகவைக்க ஆரம்பித்தார்.

இதற்கு நடுவில் என் வகுப்பில் அரியர் வைத்திருந்த ஒருவன், கோபால் படித்து எச்-1பி வேலை விசாவில் விமானம் ஏறினான். கோபால் என்றால் ஆள் இல்லை, பழைய கணினி மொழி. 2000-ஆம் ஆண்டு பிறக்கும்போது கணினிகள் குழம்பிவிடும் என்று உலகம் பயந்துகொண்டிருந்த நேரம். வருஷத்துக்கு 65,000 என்றிருந்த எச்-1பி எண்ணிக்கையை 1999-க்கும் 2000-க்கும் 1,15,000 ஆக்கினார்கள். அதில்தான் வேடிக்கை. 1990-ல் செய்த திருத்தத்தின்படி எச்-1பி விசாவுக்கு அந்த 214(பி) சந்தேகம் பொருந்தாது. வேலைக்குப் போகிறவனிடம், திரும்பி வருவாயா என்று யாரும் கேட்கவேண்டியதில்லை. படிக்கப் போகிறவன்தான் சத்தியம் செய்ய வேண்டும். சத்தியம் செய்து விசா வாங்கிய என் சிநேகிதர்கள் டெக்ஸாஸிலும் நியூஜெர்ஸியிலும் குடியுரிமை வாங்கி, பேரன் பேத்தி எடுக்கும் வயசை நெருங்கிக்கொண்டிருக்கிறார்கள். யாரும் கேட்காத அரியர்க்காரன் 2002-ல் திரும்பி வந்து ஸ்ரீரங்கத்தில் வீடு கட்டினான். சத்தியம் செய்தும் யாரும் நம்பாத நான் இருக்கிற இடம் உங்களுக்குத் தெரியும்.

இப்போது நான் பொறியியல் கல்லூரியில் பாடம் எடுக்கிறேன். மேற்படிப்புக்குப் போகிற பிள்ளைகளுக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதுகிறேன். என் கையெழுத்து அமெரிக்காவில் பல ஊர் பார்த்துவிட்டது. 1999-2000 கல்வியாண்டில் அங்கே இந்திய மாணவர்கள் சுமார் 42,000 பேர். 2023-24-ல் 3,31,000-க்கும் மேல். சீனாவைத் தாண்டி முதலிடம். அதே சமயத்தில் மறுப்பும் ஏறியது. 2023-24 நிதியாண்டில் உலகம் முழுக்க எஃப்-1 என்ற மாணவர் விசா கேட்டவர்களில் பத்துக்கு நாலு பேருக்கு இல்லை என்று சொல்லியிருக்கிறார்கள். அந்த நாலில் சிக்குவதற்குப் பரம்பரை எதுவும் தேவையில்லை, எங்கள் வீட்டில் அப்படி அமைந்துவிட்டது.

பிளாட்பாரத்தில் படுப்பதெல்லாம் அண்ணன் மகளுக்குத் தெரியாது. டி.எஸ்-160 படிவம் கணினியில். 20 நிமிஷம் கை வைக்காமல் இருந்தால் உள்ளே இருந்தவரை வெளியே தள்ளிவிடும். சேமிக்காவிட்டால் எழுதியது போச்சு. கடைசி ஐந்து வருஷத்தில் பயன்படுத்திய சமூக ஊடகக் கணக்குகளை அதில் எழுத வேண்டும். 2025 மே கடைசியில் மாணவர்களுக்குப் புது நேர்காணல் தேதி கொடுப்பதையே மூன்று வாரம் போல நிறுத்திவைத்தார்கள். ஜூனில் மறுபடி திறந்தபோது, அந்தக் கணக்குகளை எல்லோரும் பார்க்கும்படி பூட்டுத் திறந்து வைக்கச் சொன்னார்கள். அவள் இன்ஸ்டாகிராமில் இருப்பது மார்கழிக் கோலமும் பக்கத்து வீட்டு நாயும். "நாயால ஏதும் பிரச்சினை வருமா சித்தப்பா?" என்று கேட்டாள். சிரிக்கவில்லை, நிஜமாகத்தான் கேட்டாள்.

என் காலத்தில் விசாக் கட்டணம் 45 டாலர், ரூபாயில் இரண்டாயிரத்தை ஒட்டி. இப்போது 185 டாலர். அது தவிர 2004-லிருந்து செவிஸ் என்று ஒரு கட்டணம். 100 டாலரில் ஆரம்பித்து 350-ல் நிற்கிறது. மறுப்பு வந்து 12 மாதத்துக்குள் அதே வகை விசாவுக்குத் திரும்ப விண்ணப்பித்தால் செவிஸ் கட்டணத்தை மறுபடி கட்ட வேண்டாம். இது தெரியாமல் இரண்டாவது தடவையும் கட்டுகிறவர்களைப் பார்க்கிறேன், அதனால் சொல்கிறேன். விசாக் கட்டணத்துக்கு அந்தச் சலுகை இல்லை.

பட்டாவை அண்ணன் போனிலேயே எடுத்துவிட்டார். தென்னை எண்ண யாரும் வரவில்லை. சொத்துக்கு இப்போது அவ்வளவு மவுசும் இல்லை. வங்கியின் கடன் ஒப்புதல் கடிதம்தான் முன்னால் நிற்கிறது. அரைக் கோடிக்குப் பக்கத்தில். அதை அமெரிக்கச் சம்பளம் இல்லாமல் அடைக்க முடியாது என்பது மேனேஜருக்குத் தெரியும், அண்ணனுக்குத் தெரியும், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கும் தெரியாமலிருக்காது. படிப்பு முடிந்ததும் 12 மாதம் அங்கேயே வேலை பார்க்கலாம், அறிவியல், பொறியியல் என்றால் இன்னும் 24 மாதம் என்று பல்கலைக்கழகம் வண்ணத்தாளில் முதல் பக்கத்திலேயே போட்டு ஆள் பிடிக்கிறது. அதைப் பார்த்துச் சேர்ந்தவள், ஜன்னலுக்கு முன்னால் அந்தப் பக்கத்தையே பார்க்காத மாதிரி நிற்க வேண்டும். நாங்கள் வாழைத்தோப்பை வைத்து நடித்தோம். இவள் கடனை வைத்து நடிக்க வேண்டும். அதுதான் கஷ்டம்.

சென்னை விமான நிலையத்துக்குப் பக்கத்தில் விசா கணபதி கோயில் ஒன்று இருக்கிறது. ஹைதராபாத் பக்கம் சில்கூர் பாலாஜிக்கு முதலில் 11 சுற்று, கிடைத்த பிறகு 108. அண்ணி இரண்டுக்கும் வேண்டிக்கொண்டிருக்கிறார். ஆலோசனை நிலையத்தின் ஏஐ அதிகாரியிடம் அண்ணன் மகள் தினம் ராத்திரி நேர்காணல் பழகுகிறாள். அந்த இயந்திரம் அவளுக்கு எப்போதும் விசா கொடுத்துவிடுகிறது.

நான் சொன்னது இவ்வளவுதான். போன தடவைக்கும் இந்தத் தடவைக்கும் ஏதாவது நிஜமாக மாறியிருந்தால் போ: வேறு பல்கலைக்கழகம், உதவித்தொகை, ஒரு வருஷ வேலை, ஏன் இந்தப் படிப்பு என்பதற்கு உன் வாயில் உன் பதில். ஒன்றும் மாறவில்லை என்றால் 185 டாலர் மிச்சம். அவள் யோசித்து, படிப்பையே மாற்றினாள். தண்ணீர் வளம் சம்பந்தப்பட்ட ஒரு எம்.எஸ்., அவள் இரண்டு வருஷமாகச் செய்கிற வேலையும் அதுதான். அடுத்த மாதம் தேதி கிடைத்திருக்கிறது.

படிவத்தில் ஒரு கேள்வி மட்டும் என் காலத்திலும் இருந்தது, இன்றும் இருக்கிறது: இதற்கு முன் உங்களுக்கு அமெரிக்க விசா மறுக்கப்பட்டதுண்டா? பாஸ்போர்ட் தொலைந்துவிட்டது என்று புதுசு வாங்கி, அதில் இல்லை என்று போடச் சொன்ன புத்திசாலிகள் அப்போதும் உண்டு. இப்போதும் கட்டணம் வாங்கிக்கொண்டு அதையே சொல்கிறார்கள். இப்போது பத்து விரல் ரேகையும் அவர்களிடம் இருக்கிறது. மறுபடி விண்ணப்பிக்கும் பிள்ளைகளே, அங்கே ஆம் என்று போடுங்கள். 214(பி)-யில் மறுக்கப்பட்டால் எந்தத் தடையும் கிடையாது. மறைத்துப் பிடிபட்டால் 212(ஏ)(6)(சி) பிரிவில் ஆயுள் முழுக்கத் தடை.