சிடியும் சிங்கிள் டீயும்

எங்க பெங்களூரு ஸ்ரீராம்புரத்து டீக்கடையில் சதிக்கதைக்குத் தனியாகக் காசு வாங்குவதில்லை. டீயோடு சேர்ந்தே வரும். 2025 மார்ச்சில் அந்தச் சரக்கு நேரே கர்நாடகச் சட்டமன்றம் கூடும் விதான சௌதாவிலிருந்தே இறங்கியது. அப்போதைய கூட்டுறவு அமைச்சர் கே.என். ராஜண்ணா சபையில் எழுந்து, 48 பேர் 'ஹனி டிராப்' எனும் தேன்வலையில் சிக்கியிருக்கிறார்கள் என்றார். யார் யார்? அதுதான் இல்லை. எண் உண்டு, பெயர் இல்லை. வதந்திக்கு இதைவிடச் சத்தான தீனி ஏது? எங்கள் பெஞ்சில் மாலைக்குள் 48 பேரும் அறுபதாகிவிட்டார்கள்.

மறுநாள், மார்ச் 21. பாஜக உறுப்பினர்கள் சிடியை ஆட்டிக் காட்டினார்கள், சபாநாயகர் யு.டி. காதரை நோக்கிக் கிழித்த காகிதம் பறந்தது. 18 பேருக்கு ஆறு மாத இடைநீக்கம். வெளியேற மறுத்தவர்களைச் சபைக் காவலர்கள் அலாக்காகத் தூக்கிப் போனார்கள்.

"சிடியில என்ன இருந்திருக்கும்ண்ணா?" என்று மாஸ்டரைக் கேட்டேன்.

"இந்தக் காலத்துல சிடி போட்டுப் பாக்க யார் வூட்ல மிசினு இருக்குது சாமி? அது ஆட்டறதுக்கு மட்டும்தான்" என்றபடி டீயை ஆற்றினார்.

அதே அமளியில் இன்னொன்றும் விவாதமே இல்லாமல் நிறைவேறியது: எம்.எல்.ஏ. மாதச் சம்பளம் 40,000 ரூபாயிலிருந்து 80,000. இதற்கு மட்டும் யாரும் ஆதாரம் கேட்கவில்லை. மே மாதம் இடைநீக்கமும் ரத்தானது.

மாஸ்டர் கிளாஸை வைத்தார். "சதி எங்கியோ இருக்குதுன்னு தேடறோம். அது கெஜட்லயே வருது சாமி."